புராஜெக்டுக்குத் தகவல் தேட எங்கே தொடங்குவது: கூகுளா, ஏஐயா, ஷோத்கங்காவா, நூலகமா?

இறுதியாண்டு புராஜெக்டுக்கோ முதுகலை ஆய்வேட்டுக்கோ தலைப்பு முடிவானதும் கைடு சொல்லும் அடுத்த வேலை, "லிட்ரேச்சர் ரிவ்யூ எடுத்துட்டு வாங்க." அதாவது, இந்தத் தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து வர வேண்டும். எங்கிருந்து எடுப்பது, எடுத்ததில் எதை நம்புவது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. மாணவர் விடுதி அறைக்குப் போய் செல்போனில் கூகுளைத் திறக்கிறார். இப்போதெல்லாம் அதுகூட இல்லை, சாட்ஜிபிடியைத் திறக்கிறார். சீனியர் அனுப்பிய பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. நூலகத்துக்குப் போவது கடைசி யோசனை.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால் பலர் வேகத்தை வைத்துப் பதில் சொல்வார்கள். நான் வேறு கணக்குப் போடுவேன். ஒரு தகவலுக்கு இரண்டு செலவு உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் ஒன்று. அதை யார் சொன்னார்கள், எப்போது, எதை அளந்து சொன்னார்கள் என்று உறுதிசெய்ய ஆகும் நேரம் மற்றொன்று. முதல் செலவு உடனே தெரிந்துவிடும். இரண்டாவதை மாணவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வைவாவில் வெளித்தேர்வாளர் "இந்த எண் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்கும்போது அதை மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும். கீழே ஒவ்வொரு வழியையும் இரண்டு செலவையும் கூட்டித்தான் பார்க்கிறேன்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஒரே தலைப்பைக் கையில் வைத்துக்கொள்வோம்: தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. வேதியியல், புவியியல், சிவில், சமூகப் பணி என்று பல துறை மாணவர்களும் எடுக்கக்கூடிய தலைப்பு. அந்தப் பகுதியின் பாறைகளிலிருந்து ஃப்ளூரைடு நீரில் கரைந்து, பல் கறை, எலும்புப் பாதிப்பு என்று மக்களைப் பல காலம் படுத்தியிருக்கிறது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

கூகுள்: எண் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார்

முதல் தடை தேடல் பெட்டியிலேயே இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவரின் மனதில் இருப்பது "போர் தண்ணி, பல்லில் மஞ்சள் கறை." அதைத் தமிழில் தட்டினால் செய்திகளும் பல் மருத்துவக் குறிப்புகளும்தான் அதிகம் வரும். ஆய்வுக் கட்டுரைகளில் இது டென்டல் ஃப்ளூரோசிஸ், கிரவுண்ட்வாட்டர், ஜியோஜெனிக் (பாறையிலிருந்து இயற்கையாக வருவது) என்ற பெயர்களில் கிடக்கிறது. போதாக்குறைக்கு ஒகேனக்கல்லை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்து மாறினால் சில கட்டுரைகள் கண்ணில் படாமலே போகும். "இந்தத் தலைப்புல ஒண்ணுமே இல்ல சார்" என்று மாணவர்கள் சொல்வதில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்த சிக்கல் எண். குடிநீரில் ஃப்ளூரைடு எவ்வளவு இருக்கலாம்? ஒரு பக்கம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று 1.5 என்கிறது. எது சரி? இரண்டும் சரி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 (2012) ஏற்கத்தக்க அளவு 1.0 என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. ஒரே கிணறுகள், ஒரே மாதிரிகள், ஆனால் 1.0-ஐ வைத்து எண்ணியவருக்கும் 1.5-ஐ வைத்து எண்ணியவருக்கும் "பாதிக்கப்பட்ட கிணறுகள்" எண்ணிக்கை வேறு வேறாக வரும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்டப்படும் பதிலில் இந்த வேறுபாடு விழுங்கப்பட்டுவிடும். அதைத் தோண்டி எடுக்க ஐஎஸ் ஆவணத்துக்கே போகவேண்டும்.

விக்கிப்பீடியா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு துறையின் நிலவரம் புரிய நல்ல இடம். மேற்கோளாகக் காட்டாதீர்கள், அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போங்கள். எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான், சரியாகவே சொல்கிறார்கள்.

கூகுள் ஸ்காலர்: நல்ல வாசல், காவலாளி இல்லை

2004 நவம்பரில் வந்த கூகுள் ஸ்காலர், இன்றைக்கும் மாணவருக்கு இலவசமாகக் கிடைக்கும் தேடுகருவிகளில் முதல் வரிசையில் இருக்கிறது. சாதாரண கூகுளோடு ஒப்பிட்டால் பெரிய லாபம், ஒவ்வொரு முடிவிலும் ஆசிரியர், இதழ், ஆண்டு என்ற மூன்றும் முன்னாலேயே நிற்கும். சரிபார்ப்புச் செலவில் பாதி அங்கேயே குறைகிறது. ஒரு கட்டுரையை அதன் பிறகு யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற இணைப்பு இருக்கிறதே, அதுதான் உண்மையான புதையல். 2005-இல் வந்த ஒரு நல்ல தருமபுரிக் கட்டுரை கையில் கிடைத்தால், அந்த ஒரு இணைப்பைப் பிடித்து 2024 வரை நடந்து வந்துவிடலாம்.

குறை என்னவென்றால், அது ஆட்களை வடிகட்டுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு சில நாளில் எதையும் வெளியிடும் இதழ்களும் நல்ல இதழ்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். முன்பு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஏற்ற இதழ்களின் யூஜிசி-கேர் என்ற பட்டியலைப் பார்த்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலை 2025 தொடக்கத்தில் யூஜிசியே கைவிட்டுவிட்டு, இதழ்களை எடைபோடச் சில அளவுகோல்களை மட்டும் சொல்லி, முடிவை நிறுவனங்களிடமும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விட்டுவிட்டது. ஆக, பட்டியல் போய்விட்டது, தலைவலி கைமாறிவிட்டது.

போலி இதழைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இதழின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று நாளில் வெளியீடு என்ற வாக்குறுதி, கட்டுரை அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண், மண்ணியலிலிருந்து மேலாண்மை வரை எல்லாம் ஒரே இதழில், கிளாரிவேட் நிறுவனம் தராத ஏதோ ஓர் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்ற மதிப்பெண்). இவற்றில் இரண்டு இருந்தாலே நகர்ந்துவிடுங்கள்.

ஷோத்கங்கா: நான் தொடங்கச் சொல்லும் இடம்

நம் ஊர் சார்ந்த தலைப்பு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் இது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2009-இல் யூஜிசி விதி கொண்டுவந்ததிலிருந்து இங்கே லட்சக்கணக்கான ஆய்வேடுகள் சேர்ந்திருக்கின்றன. சந்தா இல்லை, லாகின் இல்லை, கல்லூரி அடையாள அட்டை இல்லை. சுயநிதிக் கல்லூரி மாணவருக்கும் ஐஐடி மாணவருக்கும் ஒரே கதவு.

ஏன் முதலில் இங்கே? ஒரு இதழ்க் கட்டுரை பத்துப் பக்கத்தில் தன் முடிவைச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆய்வேட்டில் ஒருவர் மூன்று நான்கு ஆண்டு உட்கார்ந்து, அந்தத் தலைப்பில் அதுவரை வந்ததையெல்லாம் ஓர் அத்தியாயமாகத் தொகுத்து வைத்திருப்பார். எந்தெந்த ஊரில் மாதிரி எடுத்தார், மழைக்கு முன்பா பின்பா, எந்தக் கருவியில் அளந்தார் என்பதெல்லாம் இருக்கும். இளங்கலை, முதுகலை மாணவருக்கு முடிவைவிட இந்த விவரங்கள்தான் பயன்படும். அத்தியாயங்கள் தனித்தனி பிடிஎஃப்களாக இருப்பதால் செல்போன் டேட்டாவிலேயே சமாளிக்கலாம். நூற்பட்டியல் கோப்பை மட்டும் முதலில் இறக்குங்கள். தேடவேண்டிய ஆங்கிலச் சொற்கள், கட்டுரைத் தலைப்புகள், இத்துறையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் எல்லாம் அதில் கிடைத்துவிடும்.

இங்கேயும் பொறி உண்டு. ஆய்வு முடிந்த தேதியும் தளத்தில் ஏற்றிய தேதியும் வேறு வேறு. 1990களில் முடித்த ஆய்வேடு இருபது ஆண்டு கழித்து ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கலாம். ஏற்றிய தேதியை ஆய்வு ஆண்டு என்று எழுதிவிட்டால் நம் தலைப்பில் என்ன ஆகும் பாருங்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆய்வில் "தருமபுரி மாவட்டம்" என்றால் இன்றைய கிருஷ்ணகிரியும் அதற்குள் இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்துக் கிணறுகளின் எண்ணை எடுத்து இன்றைய தருமபுரிக்கு ஒட்டவைக்க ஒரு தேதித் தவறு போதும். அதேபோல 2013-க்கு முன்னால் எடுத்த பல் பாதிப்புக் கணக்கை இன்றைய நிலை என்று எழுதவும் முடியாது. நிலத்தடி நீர் அதேபோல இருக்கலாம், ஆனால் மக்கள் குடிக்கும் தண்ணீர் பல ஊர்களில் மாறிவிட்டது.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்கு இன்னொரு தொல்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த பிடிஎஃப்கள் பார்க்கத் தமிழாக இருக்கும், ஆனால் உள்ளே தேடினால் ஒன்றும் சிக்காது. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். தமிழ் இலக்கியத் துறை மாணவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே பொருளடக்கத்தைப் பார்த்து, பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை.

இன்னொரு எச்சரிக்கை: எல்லா ஆய்வேடும் நல்ல ஆய்வேடு அல்ல. பட்டம் கிடைத்ததற்கான சான்று அது, முடிவு சரி என்பதற்கான சான்று அல்ல. ஆனால் யார், எங்கே, யாருடைய வழிகாட்டலில், எப்படி என்று எல்லாம் எழுதியிருப்பதால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார். என் கணக்கில் அது பெரிய மிச்சம்.

சந்தா இதழ்கள்: எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி

எல்சிவியர், ஸ்பிரிங்கர், வைலி கட்டுரைகளைத் திறந்தால் பணம் கேட்கும். இந்த மதிலைத் தாண்ட, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி மாணவர் என்றால் உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று இன்றே நூலகத்தில் கேளுங்கள். 'சந்தா வந்திருக்கு' என்ற சேதி மாணவர் வரை வந்து சேராத கல்லூரிகள் உண்டு.

தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இதற்குள் இல்லை. பொறியியல் படிப்பவர்களில் பெரும்பங்கு சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இது சின்ன விலக்கு அல்ல. சுயநிதிக் கலை, அறிவியல் கல்லூரி மாணவருக்கு எஞ்சுவது, கல்லூரி சேர்ந்திருந்தால், என்-லிஸ்ட் என்ற இன்ஃப்லிப்நெட்டின் மின்வளத் திட்டம்; பொறியியல் கல்லூரிகளுக்கு அதுவும் இல்லை. கல்லூரி ஒரு சிறிய ஆண்டுக் கட்டணம் கட்டினால் ஆயிரக்கணக்கான மின்னிதழ்களும் மின்னூல்களும் திறக்கும். மாணவருக்குத் தனி லாகின் கிடைக்கும், வீட்டிலிருந்தும் படிக்கலாம். அதைத் தருவது நூலகர்.

சரி, இரண்டும் இல்லாதவர்? ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கும். ஆசிரியர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஏற்றிய இலவசப் பிரதி பல சமயம் அங்கே கிடைக்கும். அன்பேவால் என்ற உலாவி நீட்சி இதே வேலையைத் தானாகச் செய்கிறது. சந்தாக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாசாங்காகிவிடும். மாணவர்கள் பல ஆண்டுகளாக அதைத்தான் நம்பியிருந்தார்கள். பதிப்பாளர்கள் 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை இந்தியாவில் முடக்க உத்தரவிட்டது. சட்டப்படி இப்போது அது வழியல்ல.

ஏஐ: மலிவாகத் தொடங்கி விலை ஏறும் வழி

தேடும் செலவு இங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம். கேட்ட மாத்திரத்தில் பத்தி பத்தியாக வருகிறது, அதுவும் கேட்டால் தமிழில். ஆங்கிலத்தில் திணறும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இரண்டாவது செலவுதான் வேறு கதை. வந்த பத்தியில் எந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதைத் திரும்பிப் போய்ப் பிடிக்க முடியாவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடவேண்டும்.

நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தொழிலே ஆவணங்களைச் சரிபார்ப்பதாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி.

போலி ரெஃபரன்ஸ் பார்க்க எப்படி இருக்கும்? அதுதான் வேடிக்கை, மிக நன்றாக இருக்கும். ஆசிரியர் பெயர் அந்தத் துறையில் உண்மையாகவே இருப்பவருடையது, இதழும் உண்மையானது, ஆண்டு பொருத்தமானது, தலைப்பு நமக்கு வேண்டியது போலவே இருக்கும். அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடுங்கள். டிஓஐ எண் (ஒரு கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) கொடுத்திருந்தால் அதை டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். வேறு ஏதோ கட்டுரை திறந்தாலோ எதுவுமே திறக்காவிட்டாலோ முடிந்தது கதை. இப்போதைய கருவிகள் இணையத்தில் தேடி இணைப்போடு பதில் தருகின்றன, அதனால் இல்லாத கட்டுரைகள் குறைகின்றன. ஆனால் இணைப்பு உண்மையாக இருந்து, சொன்ன எண் அந்தப் பக்கத்துக்குள் இல்லாமல் இருப்பது நடக்கிறது. திறந்து படிக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதற்காக ஏஐயை ஒதுக்கவேண்டியதில்லை. தவறு செய்தால் அந்தத் தவறு தானாகவே தெரிந்துவிடும் வேலைகளை அதற்குக் கொடுங்கள். "தருமபுரி போர் தண்ணீரில் ஃப்ளூரைடு, குழந்தைகளுக்குப் பல் கறை, இதை ஆய்வுக் கட்டுரைகளில் என்னென்ன ஆங்கிலச் சொற்களால் தேடலாம்?" என்று கேளுங்கள். இருபது சொல் தரும். இரண்டு தப்பாக இருந்தால் தேடலில் ஒன்றும் வராது, அவ்வளவுதான், நட்டமில்லை. ஓர் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், மூலம் பக்கத்திலேயே இருப்பதால் ஒப்பிடலாம். "இந்தத் தலைப்பில் பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். சட்டென்று தெரியாத தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

நூலகமும் மனிதர்களும்

அமெரிக்கப் பேராசிரியர் கான்ஸ்டன்ஸ் மெல்லன் 1986-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நூலகத்தில் தேடத் தொடங்கியபோது எப்படி இருந்தது என்று மாணவர்களை எழுதச் சொல்லிப் பார்த்ததில், முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் எழுதியது பயத்தைப் பற்றி. மற்றவர்களுக்கெல்லாம் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை, கேட்டால் என் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்ற பயம். நம் கல்லூரிகளில் அதோடு பையை வெளியே வை, ரெஜிஸ்டரில் எழுது, பேசாதே என்ற மிரட்டலும் சேர்ந்துகொள்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் கவுன்ட்டரில் போய் "எப்படித் தேடுறதுன்னு தெரியலை" என்று சொல்வது எளிதல்ல. செல்போன் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஏஐ இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதன் திறமையைவிட இது பெரிய காரணமாக இருக்கலாம்.

ஆனால் இரண்டு செலவையும் ஒருசேரக் குறைக்கக்கூடியவர் நூலகர் ஒருவர்தான். "வாசகரின் நேரத்தைச் சேமி" என்பது சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. எல்லா நூலகரும் அப்படியா என்று கேட்டால், இல்லை. கேள்வியைக் கூர்மையாக்கிக்கொண்டு போனால் வாய்ப்பு கூடும். "ஃப்ளூரைடு பத்தி புக் இருக்கா?" என்றால் ஒரு அலமாரியைக் காட்டுவார்கள். "2010-க்குப் பிறகு தருமபுரி நிலத்தடி நீர் பற்றி ஆய்வுக் கட்டுரை வேண்டும், என்-லிஸ்ட் லாகின் எனக்குக் கிடைக்குமா?" என்றால் உட்காரச் சொல்வார்கள்.

கல்லூரி நூலகம் பாடப்புத்தகக் கிடங்காக இருந்தால் வெளியே போகலாம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டும் மாணவருக்கு ஏற்றவை. எழும்பூர் கன்னிமாராவுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படி வரவேண்டும், அதனால் வேறெங்கும் கிடைக்காத தமிழ் நூல் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. பழைய தமிழ் இதழ்கள் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வீட்டிலிருந்தே என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நம் ஃப்ளூரைடு தலைப்புக்கு நூலகத்தைவிட மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அறிக்கைகளும், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகமும் முக்கியம்.

சீனியரின் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வரி: அவர் அதைத் தன் சீனியரிடமிருந்து எடுத்திருப்பார்.

எதை நம்புவது: பட்டியலா, பக்கத்து டேபா

கிடைத்ததை எடைபோட இரண்டு முறை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று சரிபார்ப்புப் பட்டியல்: பக்கம் புதியதா, ஆசிரியர் பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லையா, முகவரி என்ன என்று டிக் போடுவது. பல தகவல் திறன் வகுப்புகளில் சொல்லித்தருவது இதைத்தான். மற்றது, அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேபில் "இவர்கள் யார்?" என்று தேடுவது.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களை உட்காரவைத்து இதைப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளின் பக்கங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. மற்றொன்று 2002-இல் பிரிந்துபோன மிகச் சிறிய குழு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், பக்கமும் கண்ணியமாக இருக்கும். மாணவர்களில் பலரும், முனைவர் பட்டம் பெற்ற சில வரலாற்றாய்வாளர்களும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக் குழம்பினார்கள். தகவல் சரிபார்ப்பாளர்கள் சில நொடியில் வேறு டேபுகளைத் திறந்து, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

என் தேர்வும் பக்கத்து டேப்தான். நம் தலைப்பிலேயே பாருங்கள். "உங்கள் மாவட்டத் தண்ணீரில் ஃப்ளூரைடு" என்று அட்டவணையும் ஆண்டும் போட்டு அழகாக ஒரு பக்கம் இருக்கும். பட்டியல் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் டிக் விழும். பெயரைத் தேடிப் பார்த்தால் அது ஆர்ஓ மெஷின் விற்கும் கடை. அதனாலேயே எண் பொய் என்று ஆகாது. ஆனால் அதே எண்ணை நிலத்தடி நீர் வாரிய அறிக்கையில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று தெரிந்துவிடுகிறது. சரிபார்ப்புப் பட்டியலை ஒரே இடத்தில் மட்டும் வைத்துக்கொள்வேன்: ஆண்டு, எல்லை, அளவுகோல். கிருஷ்ணகிரிச் சிக்கலும் 1.0, 1.5 சிக்கலும் வேறு டேபில் தெரியாது, ஆவணத்துக்குள் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும்.

யாருக்கு எது

ஆறு மாதம் கையில் இருக்கிறது, தலைப்பு நம் ஊர் சார்ந்தது என்றால்: ஏஐயிடம் சொற்களை வாங்கிக்கொண்டு ஷோத்கங்கா போங்கள். இரண்டு மூன்று ஆய்வேடுகளின் நூற்பட்டியலை எடுத்து ஸ்காலரில் முன்னோக்கி நடங்கள். பூட்டிய கட்டுரைகளுக்கு நூலகர்.

தலைப்பு ஊர் சாராதது, பேட்டரி வேதியியலோ மெஷின் லேர்னிங்கோ என்றால் ஷோத்கங்காவில் நேரம் கழிக்க வேண்டாம். அது வேகமாக ஓடும் துறை, ஆய்வேடு வருவதற்குள் பழசாகிவிடும். ஸ்காலரில் ஆண்டு வடிகட்டியைப் போட்டுத் தொடங்குங்கள்.

மூன்று வாரம்தான் இருக்கிறது, இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்பவர்தான் ஏஐயிடம் முழுதாகச் சரணடைவார். அவருக்குத்தான் அது மிக ஆபத்து, ஏனென்றால் சரிபார்க்க நேரம் இல்லாதவர் அவர்தான். முப்பது ரெஃபரன்ஸ் வேண்டாம். ஒரு ஆய்வேடு, ஒரு அரசு அறிக்கை, ஆறேழு கட்டுரை, எல்லாம் நீங்களே திறந்து பார்த்தவை. அதை வைத்து எழுதுங்கள், எண்ணிக்கை குறைவு என்று கைடு முறைத்தால் முறைக்கட்டும்.

சந்தா இல்லாத கல்லூரியில் இருந்துகொண்டு ஒரே ஒரு கட்டுரை கட்டாயம் வேண்டும் என்ற நிலை வரும். கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும், அந்தப் பக்கம் பெரும்பாலும் இலவசமாகவே தெரியும். எந்தக் கல்லூரி, என்ன தலைப்பு, எந்தக் கட்டுரை என்று நான்கு வரி எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தோஷம்தான், பலர் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இணை ஆசிரியருக்கு எழுதுங்கள்.